கட்டியக்காரனுக்கு அச்சாரம்

சிங்கவரத்தில் ஒரு சாவு விழுந்தால் மலைக்கு அது இரண்டு சாவு. தெருவில் வெடிக்கிற ஒவ்வொரு வேட்டையும் பாறைகள் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிடும். பத்து வேட்டு வாங்கிவந்தால் இருபது கேட்கும். "செலவு பாதி, சத்தம் முழுசு" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். திண்டிவனம் பக்கத்துச் சமவெளியிலிருந்து வருகிற சம்பந்திகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. நாம் பணத்தைத் தண்ணீராக இறைத்துவிட்டோம் என்று நினைத்து, தங்கள் வீட்டுச் சாவுக்கு இரண்டு மடங்கு வேட்டு வாங்கி வெட்டவெளியில் வெடித்துவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று முழிப்பார்கள். இழவு வீட்டுச் சிரிப்பு எங்கள் ஊரில் அந்த இடத்திலேயே தொடங்கிவிடும்.

ஊருக்கு மேலே குன்றில், பல்லவர் காலத்துக் குடைவரைக்குள், ரங்கநாதர் படுத்திருக்கிறார். தாய்ப்பாறையிலேயே செதுக்கிய உருவம், 24 அடி நீளம். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைவிட எங்கள் பெருமாள் பெரியவர் என்று அளந்து பார்க்காமலே சொல்வோம். கீழே ஒருவர் கண்ணை மூடினால், "மேல ஒருத்தரு படுத்திருக்காரு, கீழ ஒருத்தரு படுத்துட்டாரு" என்று திண்ணையில் யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். பெருமாளின் முகம் சற்றே திரும்பினாற்போல் இருப்பதற்கு ஒரு கதை உண்டு. தேஜ் சிங் என்கிற ராஜா தேசிங்கு, 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போருக்குக் கிளம்பும் முன் இங்கே உத்தரவு கேட்க வந்தானாம். "இன்றைக்குப் போகாதே" என்றாராம் சாமி. போயே தீருவேன் என்று அவன் நிற்க, முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். 22 வயது. போனான், விழுந்தான். கல்யாணப் பந்தலிலிருந்து பாதியில் எழுந்து வந்த நண்பன் மாவத்துக்காரனும் விழுந்தான் என்பது கதைப்பாட்டில் வரும். செஞ்சியில் செட்டிகுளத்தங்கரையில் ஒரு மேடையைக் காட்டி, தேசிங்கை எரித்தது இங்கேதான் என்பார்கள். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் இராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

தாத்தா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "சாவப் போறவன் ஒண்ணு கேட்டுட்டா சாமியே தடுக்க முடியாது" என்று முடிப்பார். ஆயா உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு என்னா கேட்டான்னு எவனாச்சும் பாட்டு கட்டனானா?" என்பாள். தாத்தாவிடம் பதில் இருந்ததில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசி ஆசை என்று வந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் பேராசைப்படுகிறவர்கள் இல்லை. ஒருவர், வேட்டி கட்டி எடுக்காதீர்கள், லுங்கிதான் காற்றோட்டம் என்று சொல்லிவைத்தார். இன்னொருவர் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் கூட வைக்கச் சொன்னார். பீடிக்கட்டை வைத்தார்கள். தீப்பெட்டியை மட்டும் மச்சான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "போற எடத்துல நெருப்புக்கா பஞ்சம்?" என்று அவர் கேட்டபோது கொள்ளிக்குடம் தூக்கியிருந்த மகனுக்கே தோள் குலுங்கியது. தம்பியோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பெரியவர், "அவன் எனக்குத் தோள் குடுக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். தம்பி வந்தான். யார் பேச்சையும் கேட்காமல் பாடையின் பின்பக்க மூங்கிலைப் பிடித்தான். பங்காளிகள் தடுத்தார்கள். "தோள் குடுக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு. நான் கையிலதான் புடிச்சிருக்கேன்" என்றான். சுடுகாடு வரைக்கும் மூங்கில் தோளில் படாமல் கைகளிலேயே ஏந்திப் போனான். மறுநாள் இரண்டு கையையும் தூக்க முடியாமல் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்படியாக அண்ணன் பேச்சும் நின்றது, தம்பி முறையும் நின்றது.

இப்படிப்பட்ட ஆசைகளை நான் வெகுநாள் கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். எதிர்வீட்டுத் தாத்தா தன் வாயில் வாய்க்கரிசியோடு ஒரு கடலை மிட்டாயும் போடவேண்டும், அதுவும் செஞ்சி கடைத்தெருவில் ஒரு குறிப்பிட்ட கடை மிட்டாய்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பார்த்து அந்தக் கடை பூட்டு. அதுவரை தூணில் சாய்ந்து இடிந்துபோய்க் கிடந்த சின்ன மகன் எழுந்தான். டிவிஎஸ் 50ஐ எடுத்தான். கடைக்காரர் வீட்டைத் தேடிப் பிடித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கைகழுவ வைத்து, கடையைத் திறக்கச்செய்து, மிட்டாயோடு அவரையும் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டான். கடைக்காரர் மாலை போட்டுவிட்டு, "நல்ல மனுசன், கடைசி வரைக்கும் கடன் வெச்சதில்ல" என்றார். அந்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பையனுக்கு அழ நேரம் இல்லை. செத்தவர் அவனுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல யோசனையோடு கேட்கப்பட்ட கடைசி ஆசை இப்படித்தான் இருக்கும்: செத்தவருக்கு ஒன்றும் ஆகாது, இருப்பவரை எழுப்பி ஓடவைக்கும்.

தாத்தாவின் ஆசை இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. தன் காரியத்துக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கவேண்டும் என்றார். அதில் புதுமை இல்லை. வட மாவட்டங்களில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் ஆடுவது வழக்கம்தான்; கர்ணன் மோட்சம் போகும்போது செத்தவரும் கூடவே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று நம்பிக்கை. தாத்தாவுக்குக் கர்ணனைப் பற்றிக் கவலை இல்லை. "கர்ணன் வேசம் எவன் வேணா கட்டட்டும். கட்டியக்காரன் மட்டும் நான் சொல்ற ஆளு வரணும்" என்றார். ஏன் என்று அப்பா கேட்டார். "அழறதுக்கு ஒங்கம்மா இருக்கா. ஒன் தங்கச்சிங்க இருக்காளுங்க. சிரிக்கவெக்க இந்த ஊட்ல யாருடா இருக்கான்?" சொன்னதோடு விடவில்லை. தாமே நடந்து போய், வெற்றிலைப் பாக்கு வைத்து, அந்தக் கட்டியக்காரரிடம் அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தார். எந்தத் தேதிக்கு என்று அவர் கேட்டதற்கு, "சேதி வரும்" என்றாராம்.

கூத்தில் ராஜாக்களுக்குத்தான் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம். கட்டியக்காரனுக்கு வாய் ஒன்றுதான் சொத்து. ராஜா வருவதை அறிவிப்பதும் அவன்தான், வந்த ராஜாவை "நீ யாரு, எங்க வந்த?" என்று கேட்பதும் அவன்தான். கர்ண மோட்சத்தில் அவனுக்கு வாகான இடம் ஒன்று உண்டு. அம்பு தைத்துக் கர்ணன் கிடக்கிறான். உயிர் போகவில்லை, செய்த தர்மம் காக்கிறது. கிருஷ்ணன் அந்தணனாக வந்து, அந்தப் புண்ணியம் மொத்தத்தையும் தானமாகக் கேட்கிறான். சாகக் கிடக்கிறவனிடம் கை நீட்டுவது. சனம் மூக்கைச் சிந்தும் நேரத்தில் கட்டியக்காரன் குறுக்கே புகுந்து, "ஏஞ்சாமி, எழுந்து நிக்கறவன் ஒருத்தனும் ஒன் கண்ணுக்குத் தெரியலியா?" என்பான். அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வரும்.

கர்ணனும் கேட்காதவன் இல்லை. வில்லிபாரதத்தில் குந்தியிடம் அவன் கேட்கும் வரம் ஒன்று போதும்: நான் களத்தில் விழுந்தபிறகு எல்லார் முன்னாலும் மடியில் போட்டு, பாலூட்டி, மகனே என்று அழவேண்டும். உயிரோடு இருக்கும்போது கிடைக்காத ஒன்றைப் பிணமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அரவான் இன்னும் ஒருபடி மேல். களப்பலிக்குச் சம்மதித்துவிட்டு, அதற்குமுன் எனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்றான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டவேண்டியதாயிற்று. எங்கள் வட்டாரத்துக்குத் தெற்கே கூவாகத்தில், சித்திரையில், கூத்தாண்டவர் என்று கும்பிடப்படும் அந்த அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் ஓர் இரவு முழுக்க ஆடிப் பாடுகிறார்கள். விடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுகிறார்கள். முந்தைய இரவின் கும்மாளத்தைப் பார்த்தவர்களுக்கு மறுநாள் அழுகை நடிப்பாகத் தெரியாது. பாரதத்தை வைத்துப் பார்த்தால், கிருஷ்ணனுக்குப் போரைவிட இழவு வீட்டு வேலைகள்தான் அதிகம்.

அரவானுக்கு ஓர் இரவு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒருவர் சாவுக்கு 57 நாள் எடுத்துக்கொண்டார். அந்தக் குன்றில் ஒரு பெரும் பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். கீழே கிடக்கும் பாறையில், தமிழ் எழுத்து பிராமியிலிருந்து வட்டெழுத்துக்கு உருமாறிவந்த காலத்துக் கல்வெட்டு ஒன்று: 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நோன்பிருந்து உயிர்விட்ட இடம். பிற்காலத்தில் 30 நாள் நோற்ற ஒரு பட்டாரருக்கும் அங்கே கல்வெட்டு இருக்கிறது. சிறுவயதில் ஆடு மேய்க்கிறவர்களோடு அந்தப் பாறையில் ஏறி உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றிருக்கிறோம். படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வந்து பொருள் சொன்னபோது எங்களில் ஒருவன் எழுந்து தூரப் போய் உட்கார்ந்துகொண்டான். "57 நாள் சாப்புடாதவரு எதுக்கால எப்படிடா தின்றது?" என்றான். மேல்சித்தாமூர் மடத்தைச் சுற்றி இன்றும் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிற வட்டாரம் இது. இந்த நோன்பைத் தற்கொலை என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கடைசி ஆசைக்கும் வழக்கு உண்டு, தடையாணை உண்டு.

உண்ணாநோன்பு என்றதும் கோப்பெருஞ்சோழன் நினைவு வராமல் இருக்காது. பெற்ற மகன்களோடு பகைத்து வடக்கிருந்தவன், ஒருமுறைகூட நேரில் பார்த்திராத பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் வருவார், அவருக்குப் பக்கத்தில் இடம் விடுங்கள் என்றான். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் நமக்கு அங்கிருந்துதான் வந்திருக்கவேண்டும். பிசிராந்தையார் வந்தும் சேர்ந்தார். அவன் நண்பரான புலவர் பொத்தியாரும் கூடவே உட்காரப் பார்த்தபோது, உனக்குப் பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் வா என்று திருப்பி அனுப்பினான் அரசன். பிள்ளை பிறந்தது. பொத்தியார் திரும்பி வந்து நடுகல்லிடமே எனக்கு எந்த இடம் என்று கேட்டார். அதே புறநானூற்றில் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண், தாழி செய்யும் குயவரிடம் அதைக் கொஞ்சம் அகலமாக வனையச் சொல்கிறாள், தானும் சேர்ந்து கொள்ளுமளவுக்கு. ஆயா கேட்டது இந்தப் பெண்ணைப் போல ஒருத்தியின் பாட்டைத்தான் என்று வெகுநாள் கழித்துத் தோன்றியது. ஆனால் ஆயாவுக்குச் சொல்லியிருந்தால், "அந்தக் கொசவன் என்னா சொன்னான்?" என்றுதான் கேட்டிருப்பாள். குயவன் பதில் பாட்டில் இல்லை.

அழுகிற பெண்கள் தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். வேனிலிருந்து இறங்கும்போது சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள், முனை திரும்பியதும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருமுறை வெளியூர்க் கூட்டம் ஒன்று பந்தல் போட்டிருந்த வீட்டைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது. அது காதுகுத்துக்குப் போட்ட பந்தல். அந்த வீட்டு அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். வந்தவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். மரியாதைக்கு அவரும் இரண்டு வரி சேர்ந்து அழுதுவிட்டு, அதே ராகத்தில், நீங்கள் எந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டார். அதே ராகத்தில் பதில் வந்தது. அதே ராகத்தில் வழியும் சொன்னார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு வீடு தள்ளிப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பந்தலில் தொங்கும் பாகற்காயைப் பார்த்து ஒப்பாரிக்குள்ளேயே பேரம் பேசிய பெண்களின் கதை தமிழ்நாடு முழுக்க உண்டு. எங்கள் ஊரில் அதைக் கதை என்று யாரும் சொல்வதில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே செஞ்சி வட்டாரத்தில் தங்கி ஆய்வு செய்தவர். சாவுப் பாட்டுகளைப் பற்றி 2005இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான். துணைத்தலைப்பில் ஒப்பாரியும், ஊர்வலத்தில் பாடும் ரகளைப் பாட்டும், சுடுகாட்டு விண்ணப்பமும் வரிசையாக நிற்கும். பெண்கள் பாடி அழுவது தங்கள் துக்கத்தைத்தான்: தாய்வீடு மறந்ததை, அண்ணன் சீர் செய்யாததை, புகுந்த வீட்டில் பட்டதை. ஆயாவுக்கு அமெரிக்கா போகாமலே இது தெரியும். "செத்தவனுக்கு என்னாடா கொறை? நான்தான இங்க குந்திக்கினு இருக்கேன்" என்பாள். நாத்தனார் வீட்டுச் சாவில் நாத்தனாரையே ஒப்பாரியில் வறுத்தெடுத்துவிட்டு வருவாள். ராகத்தோடு சொன்னதற்குப் பஞ்சாயத்துக் கிடையாது. நாத்தனாரும் அடுத்த சாவில் ராகத்தோடுதான் பதில் சொல்வார்.

கல்யாணச் சாவு என்றால் பூப்பல்லக்கு உயரமாக இருக்கவேண்டும். உயரம் கூடினால் தெருவில் தொங்கும் மின்கம்பி இடிக்கும். எனவே முன்னால் ஒருவர் நுனியில் கவை வைத்த கொம்போடு கம்பியைத் தூக்கிக்கொண்டே நடப்பார். ஒரு பெரியவர் எம்.ஜி.ஆர். பாட்டுதான் வாசிக்கவேண்டும் என்று கேட்டுவைத்திருந்தார். வந்த பேண்டு செட்டு முழுக்க இளவட்டம். அவர்களுக்குத் தெரிந்தது கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கும் புதுப் பாட்டுகள். மருமகன் அலைபேசியில் பாட்டை ஓடவிட்டு, கிளாரினெட்காரர் காதில் வைத்துக்கொண்டே கூட நடந்தார். தெரு முடிவதற்குள் பல்லவி பிடிபட்டது. ஏரிக்கரை வரும்போது சரணம். சுடுகாட்டு வாசலில் ஆட்டம் களைகட்டி, பல்லக்கைக் கீழே இறக்க ஆள் இல்லை. கானா நாட்டில் கா இன மக்கள் மீன், கார், பாட்டில் என்று செத்தவர் தொழிலுக்கும் ஆசைக்கும் தக்கபடி சவப்பெட்டி செய்கிறார்கள். அவர்களை எங்கள் ஊருக்கு அழைத்துவந்து அந்தப் பல்லக்கைக் காட்டியிருந்தால், மின்கம்பியைத் தூக்கிய கொம்பைத்தான் முதலில் பாராட்டியிருப்பார்கள்.

சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல். அங்கே பாடையை இறக்கித் திசை மாற்றுவார்கள். அங்கிருந்து அதிகாரம் கைமாறுகிறது. காடு காத்த அரிச்சந்திரன், சொந்த மகன் பிணத்தோடு வந்த மனைவியிடமே கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டவன். அந்தக் கதையைப் பாடி, வழிவிடச் சொல்லி விண்ணப்பித்து, வெட்டியான் என்று ஊர் ஒருமையில் அழைக்கும் மனிதர், துண்டை விரித்துக் கூலி கேட்பார். "பெரிய மருமவன் யாரு? முன்னால வா. நூறா? சின்ன மருமவன் எறநூறு போட்டுட்டாரே, ஒனக்கு ஒண்ணும் தோணலியா?" சின்ன மருமகன் அதுவரை போட்டிருக்கவே மாட்டார். மிராசுதாரின் மகனைப் பார்த்து, "ஒங்கப்பன் உசுரோட இருந்தா இப்படியா குடுப்பாரு?" என்று ஒரு நிறுத்து நிறுத்தி, "இதுல பாதிதான் குடுப்பாரு" என்பார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். மிராசுதார் மகனும் சிரித்தாகவேண்டும். வருஷம் முழுக்கத் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், அந்தக் கால் மணி நேரம் ஊரையே கைகட்டி நிற்கவைப்பார். அவருடைய வேடிக்கைப் பேச்சை ரசித்தவர்கள் யாரும் திரும்பி வரும்போது அவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை. எங்கள் ஊர்ச் சாவுச் சிரிப்பில் எனக்கு முழுமனதாகச் சிரிக்க முடியாத சிரிப்பு இது ஒன்றுதான்.

தாத்தாவின் சேதி ஒருநாள் போயே போயிற்று. கட்டியக்காரர் சொன்னபடி கருமாதி இரவு வந்து நின்றார். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரைக்கு வெளியே வந்து, சபையைக் கும்பிட்டு, தாத்தாவின் படத்துக்கு நேராகத் திரும்பினார். "பெரியவரே, அச்சாரம் குடுத்துட்டு வந்தீங்க. மிச்சத்த எங்கிட்டயே வந்து வாங்கிக்கன்னீங்க. இப்ப நான் எங்க வந்து வாங்கறது? பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றார். சபை அதிர்ந்தது. அப்புறம் தாத்தாவைப் போலத் தொண்டையைக் கனைத்து, தாத்தாவைப் போலத் துண்டை உதறித் தோளில் போட்டு, "தேசிங்கு கத தெரியுமாடா ஒனக்கு?" என்று ஆரம்பித்தார். எப்போது கவனித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. அதே குரல், அதே இழுப்பு.

ஆயா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர். பக்கத்திலிருந்த பெண்கள் பதறி, அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். ஆர்மோனியக்காரர் கையை எடுத்தார். கட்டியக்காரர் குரலை இறக்கி, "ஆயா தாங்க மாட்டுது, இத்தோட உட்டுடறேன்" என்றார். ஆயா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அழுதுகொண்டிருந்தவர்களின் கையை ஒவ்வொன்றாக விலக்கினாள். "அடியே, நான் சிரிக்கிறன்டி. நீ ஆடுடா. அந்தாளு இருமுவாரே, அத உட்டுட்டியே" என்றாள். இருமலும் வந்தது. விடியும்போது கர்ணன் சாய்ந்தான். அப்போது ஆயா அழுதாள். யாரும் கட்டிக்கொள்ளவில்லை, இதுவும் சிரிப்பாக இருக்குமோ என்று.

1989இல் லண்டனில், மாண்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் கிரஹாம் சாப்மனுக்கு நடந்த நினைவுக் கூட்டத்தில், நண்பர் ஜான் க்ளீஸ் எழுந்து செத்தவரைத் திட்டி, கெட்ட வார்த்தையும் ஒன்று பேசினார். இதைச் செய்யாவிட்டால் அவன் என்னை மன்னிக்கமாட்டான் என்றார். அங்கே அதற்கு ஒரு துணிச்சல்கார நண்பன் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அது வெற்றிலைப் பாக்கு வைத்து அழைக்கிற வேலை.

பெரிய மனிதர்கள் செத்தால் கட்டியக்காரன் இருக்கமாட்டான். அந்த வேலையைச் சனமே எடுத்துக்கொள்ளும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்து மெரினாவில் அடக்கம் ஆனபிறகு, அவர் கைக்கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, இன்றுவரை சமாதியில் காதை வைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் நாங்களும் வரிசையில் நின்று கேட்டோம். எல்லாருக்கும் கேட்டது. ஒருவனுக்கு மணியே அடித்ததாம். கூட வந்த ஆசிரியர் தன் கடிகாரத்தை அதற்குச் சரிபார்த்துக்கொள்வதுபோலத் திருகினார். அதே கடற்கரையில் 2018 ஆகஸ்டில் கலைஞருக்கு இடம் வேண்டும் என்பதற்காக உயர் நீதிமன்றம் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் கூடி, மறுநாள் காலை தீர்ப்புச் சொன்னது. சோழனுக்குப் பக்கத்தில் இடம் கேட்ட பொத்தியாருக்கு வக்கீல் இல்லாத குறைதான்.

இப்போது எங்கள் ஊரிலும் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. துபாயிலிருந்து மகன் வரும்வரை பெரியவர் காத்திருப்பார். வர முடியாதவர்கள் வீடியோ காலில் வருவார்கள். சென்ற மாசியில் ஒரு வீட்டில், சிங்கப்பூர்ப் பேரன் திரையில் தேம்பித் தேம்பி அழுதான். ஆனால் ஒலியை அடைத்து வைத்திருந்தான். "சத்தம் வரலடா, மறுபடி அழு" என்று சித்தப்பா கத்தினார். அவன் ஒலியைத் திறந்துவிட்டு முதலிலிருந்து அழுதான். குறையொன்றும் இல்லாமல்தான் அழுதான்.

பெரியம்மாவுக்கு இந்த மாறுதல்களில் மனக்குறை பிளெக்ஸ் பற்றித்தான். அவளுடைய தம்பிக்கு வைத்த பிளெக்ஸில் கண்ணீர் அஞ்சலி "தண்ணீர் அஞ்சலி" ஆகியிருந்தது. கல்யாணப் படம் ஒன்றிலிருந்து முகத்தை வெட்டி எடுத்ததில், தம்பி தோளில் யாருடைய கையோ மிச்சமிருந்தது. பதினாறு நாளும் அந்தக் கை யாருடையது என்பதுதான் பேச்சு. எனவே பெரியம்மா ஒருநாள் செஞ்சிக்கு பஸ் ஏறினாள். புதுச்சேலையில் படம் எடுத்துக்கொண்டாள். பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேரன் பேத்தி பெயர்களை வயது வரிசையில் சொல்லி, எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். கட்சித் தலைவர்கள் படம் வேண்டாம் என்றாள். இமயம் சரிந்தது என்று போடவந்த பையனிடம், "அவ்ளோ தூரம் வாணாம், சிங்கவரம் குன்னு போதும்" என்றாள். பின்னணியில் குன்று வந்துவிட்டது.

விஷயம் தெரிந்து மகன் கொதித்துவிட்டான். ஊர் என்ன நினைக்கும், நாங்கள் எதற்கு இருக்கிறோம், எங்களுக்கு ஒரு வேலையாவது மிச்சம் வைத்தாயா என்று குதித்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"வெச்சிருக்கேன். மறைவுன்ற எடத்துல தேதி காலியாத்தான் கெடக்குது. அத நீதான் போடணும். கடைக்காரனுக்கு அச்சாரம் குடுத்தாச்சு, மிச்சம் முந்நூறு ரூவா."

"அந்த முந்நூறையும் நீயே குடுத்துட்டு வர்றதுக்கு என்னா?"

"அதயும் நானே குடுத்தா, நீ எதுக்குடா புள்ள?"